நீ தந்த ஆறு பெயர்கள்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. நீ சோற்றைப் பிசைந்தபடி கேட்டாய். நான் உன் தட்டில் இன்னொரு கரண்டி மீன்குழம்பு விட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கைகழுவிவிட்டு வந்து, நாலாக மடித்த ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். அம்மா வாயைத் திறக்காவிட்டால் ஓம் என்றுதான் அர்த்தம் என்று உனக்கு யார் பழக்கியது? நான்தான் பழக்கியிருப்பேன். இருபத்தொன்பது வருடமாக உனக்கு இல்லை என்று சொன்னது குறைவு. அடுத்த மாதம் கலியாணம் செய்யப்போகிறவனுக்கு இப்போது புதிதாக இல்லை சொல்லிப் பழகுவது எனக்கும் சிரமமாகத்தான் இருக்கிறது.

நீ சொன்னதை நான் மறக்கவில்லை. சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன், பிழை என்றால் திருத்து. "அம்மா, ஆறு பேர்தான். ஆறும் எங்கட ஊர்ப் பெட்டையள். போன தையிலயிருந்து கலியாணம் முடிச்சவை. வேலையில நிரந்தரமாக்க முதல் ஒருக்கா அந்த ஊசியைப் போட்டுவிட்டால் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. வியாழக்கிழமை வாகனம் வரும், பரிசோதனை எண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போறம். நீங்கள் ஒருக்காக் கதைச்சு விடுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பினம்." என்ன ஊசி என்று நான் கேட்டேன். மூன்று மாதத்துக்குப் பிள்ளை தங்காமல் செய்கிற ஊசி என்றாய். கட்டாயமோ என்று கேட்டேன். நீ சிரித்தாய். "ஒருத்தரையும் கட்டாயப்படுத்தேல்லை அம்மா. ஒரு இடத்திலயும் எழுதியும் இல்லை. சும்மா கதைக்கிறதுதான்."

உன் தொழிற்சாலையில் தையல் வரிசையில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சியாகி நின்றுவிட்டால் அந்த வரிசையே பிந்துகிறது, உன் மேலதிகாரி உன்னைப் பிடித்துக் கத்துகிறார், இதெல்லாம் எனக்கு விளங்குகிறது. கலியாணத்துக்கு முன் உனக்கும் பதவி உயர வேண்டும். நீ கெட்ட பிள்ளை இல்லை. முந்தி ஒருநாள் இப்படி ஒரு தாளை வாசித்தபோது நானும் கெட்ட மனுசி இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று போனை எடுத்துப் பார்ப்பாய். இதை நாளைக் காலை உங்கள் தொழிற்சாலை பஸ்சில் வருகிற கலாவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உன் தாளில் மூன்றாவதாக இருக்கிற கலாதான். உறையை ஒட்டவில்லை. அவள் வாசிக்க விரும்பினால் வாசிக்கட்டும்.

சண்டை முடிந்து செட்டிகுளத்து முகாமில் நாங்கள் இருந்தபோது உனக்குப் பதின்மூன்று வயது. அப்பா இல்லாமல் போய் இரண்டு மாதம். நிவாரணம் கொடுக்க வருகிறவர்களுக்கு எங்கள் பெயர்களை வாசிக்கத் தெரியாது. அவர்கள் வாசிக்கிற பெயருக்கு ஒருவரும் போகமாட்டார்கள், சாமான் திரும்பிப் போய்விடும். ஒருநாள் நான் போய்த் தாளை வாங்கிக் கத்தி வாசித்தேன். அன்று முதல் எங்கள் கூடார வரிசைகளுக்கு நான்தான் கூப்பிடுகிற அக்கா. அரிசிக்கு, மாவுக்கு, கூடாரத்துக்கு மேல் போடுகிற தறப்பாளுக்கு, பதிவுக்கு, திரும்பப் பதிவுக்கு. நான் பெயரைச் சொன்னால் ஆள் ஓடி வரும், கையில் ஒரு சொப்பிங் பை இருக்கும், அதற்குள் குடும்ப அட்டை இருக்கும். எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் இடம் போய்விடும், பின்னால் நிற்பவர்கள் ஏசுவார்கள். கேட்ட ஒன்றிரண்டு பேரை நானே ஏசியிருக்கிறேன். உனக்கு அந்த நாட்களில் என்னைப் பற்றிப் பெருமை. என் மகன் என்று சொன்னால் தண்ணீர் வரிசையில் உன்னை முன்னால் விடுவார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. மாதர் சங்கத்துக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். கிளினிக் நாளென்றால் தாய்மாரைத் திரட்டுவது என் பொறுப்பு. நான் ஒலிபெருக்கி இல்லாமலே வாய்க்கால் கரையில் நின்று கூப்பிடுவேன். எங்கள் குடியேற்றம் எப்படி என்று உனக்குத் தெரியும். வாய்க்காலின் தலைப்பக்கம் எங்களைப்போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றவர்கள். கடைசிப் பக்கம், தண்ணீர் போய்ச் சேருமா சேராதா என்கிற இடத்தில், மலையகத்திலிருந்து கலவரங்களுக்குப் பயந்து வந்த குடும்பங்கள். அவர்களில் பாதிப்பேருக்குக் காணிக்குப் பத்திரம்கூட இல்லை. எங்கள் வயலில் நாற்று நட்டார்கள், களை எடுத்தார்கள். தலைப்பக்கத்து மருமகள்களை நான் "வாங்கோ பிள்ளை" என்பேன். கடைசிப் பக்கத்தில் என்னைவிட மூத்தவளையும் "வா" என்பேன். அதை ஒரு பிழையாக நான் அன்று நினைத்ததே இல்லை. எதைக் கொடுத்தாலும் தலைப்பக்கத்திலிருந்து தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிப்போம், தண்ணீர் போகிற வழியில்.

நீ பதினாறு வயதில் சாதாரணதரப் பரீட்சை எழுதிய வருடம் அது. ஒரு நாள் காலை கிளினிக்கிலிருந்து எனக்கு ஒரு பெயர்ப் பட்டியல் தந்தார்கள். பிள்ளைகளின் நிறை பார்க்க வேண்டும், சத்துமா கொடுக்க வேண்டும், இந்தத் தாய்மாரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடுங்கள் என்றார்கள். பார்த்தேன். பட்டியல் முழுக்கக் கடைசிப் பக்கத்துப் பெயர்கள், அதற்குப் பிறகு தலைப்பக்கத்தில் புருசன் இல்லாத நாலைந்து பேர். எப்போதும் கடைசியில் கூப்பிடப்படுகிறவர்களை அன்று முதலில் கூப்பிடச் சொன்னார்கள். அது எனக்கு வித்தியாசமாகப் படவே செய்தது. ஆனால் பட்டியலைக் கையில் வாங்கினால் வாசிப்பதுதான் என் பழக்கம். வாசித்தேன். எல்லோரும் வந்தார்கள், சொப்பிங் பையோடும் அட்டையோடும்.

முதலில் நிறை பார்க்கவில்லை. ஒரு வகுப்பறைக்குள் ஒவ்வொருவராக விட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த டாக்குத்தர் ஒருவரும் இரண்டு தாதிமாரும் இருந்தார்கள். மேல்கையில் தோலுக்குள் இரண்டு சின்னக் குச்சி வைப்பார்கள், ஐந்து வருடத்துக்குப் பிள்ளை தங்காது. அதைப் போட்டால்தான் பிள்ளைக்கு நிறை பார்ப்பார்கள், அட்டையில் கையெழுத்து வைப்பார்கள். போடாதவர்கள் நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு வரவேண்டாம் என்றும் தாதி ஒருத்தி சொன்னாள், நான் கேட்டேன். பிறகு தலைப்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் தாங்களாகவே வந்து எட்டிப் பார்த்தபோது, அதே தாதி அவர்களிடம் "விருப்பமெண்டால் போடலாம்" என்றாள். இரண்டையும் நான் ஒரே இடத்தில் நின்று கேட்டேன். தம்பி, எனக்குத் தெரியாது என்று நான் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டது பொய். வாசலில் நின்ற எனக்கு எல்லாம் தெரியும்.

புஸ்பாவை உனக்குத் தெரியும், கலாவின் அக்கா. நம் வயலில் நாற்று நட வருவாள், உன் பரீட்சைக்கு முதல் நாள் கோயில் திருநீறு கொண்டுவந்து தந்தவள். கடைசிச் சண்டையில் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில் போய்விட்டார்கள். திரும்பி வந்த பிறகு ஒரு பெண்பிள்ளை பிறந்தது, அன்று அதற்கு எட்டு மாதம். நாற்று நடும்போது அவள் சொல்வாள்: "போனதுகள் ரெண்டும் திரும்பி வரோணும் அக்கா. இன்னும் ரெண்டு பெத்துப்போட்டுத்தான் நான் மூச்சு விடுவன்." அவள் முறை வந்ததும் கதவடியில் நின்றுவிட்டாள். பிள்ளை இடுப்பில். உள்ளே போகாமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, இப்ப நான் என்ன செய்ய?" அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், வெயில் ஏறிவிட்டது, பிள்ளைகள் அழுதன. நான் சொன்னேன்: "போடு பிள்ளை. வரிசை நிக்குது."

அவ்வளவுதான் நான் சொன்னது. கத்தவில்லை, பிடித்துத் தள்ளவில்லை. நானும் சும்மா கதைத்தேன்தான்.

அன்று பின்னேரம் நீ ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்து, "பள்ளிக்கூட மதிலடியில இருந்து கொஞ்சப் பேர் அழுதுகொண்டிருக்கினம், என்னத்துக்கம்மா?" என்று கேட்டாய். ஊசி நோகுது என்றேன். நீ நம்பினாய். உனக்கு நான் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது. அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை என் மேசையில் வைக்க உனக்குக் கை வந்திருக்காது என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. நினைக்கிறேன்.

புஸ்பாவுக்கு அதன் பிறகு நாள் கணக்கில் இரத்தம் போனது, தலை சுற்றியது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்கக் கிளினிக்குக்குப் போனாள். இங்கே எடுக்கமாட்டோம், ஐந்து வருடம் முடிய வா என்றார்கள். வவுனியாவுக்குப் போகச் சொன்னார்கள், போனாள், அங்கே இங்கத்தைய கிளினிக்கின் துண்டுச்சீட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். என்னிடமும் வந்தாள். "நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ அக்கா, நீங்கள் சொன்னால் கேப்பினம்" என்றாள். நீ சொன்ன அதே சொல். வாறன் என்றேன். போகவில்லை. அறுவடை என்றேன், பிறகு உன் பரீட்சை என்றேன், பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். தன்னைக் கேளாமல் செய்துவிட்டாள் என்று அவள் புருசன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான், அடித்தான், மூன்றாம் வருடம் ஆனையிறவுப் பக்கம் உப்பு வேலைக்குப் போகிறேன் என்று போனவன் வேறொருத்தியோடு இருந்துவிட்டான். ஐந்து வருடம் முடிந்து குச்சியை எடுத்தார்கள். எடுத்தால் பிள்ளை தங்கும்தான். பிள்ளைக்குத் தகப்பன்தான் இல்லை.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு அழுகை வரும் என்று நினைத்து முகம் துடைக்க ஒரு துவாயும் எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். வரவில்லை. பல்லுப் பிடுங்கின நாளில் கன்னம் மரத்துக் கிடக்கிற மாதிரி, தொட்டால் தொட்டது தெரிகிறது, நோவு தெரியவில்லை. இப்படித்தான் பல வருடமாக இருக்கிறேன். சமைக்கிறேன், சங்கக் கூட்டத்துக்குப் போகிறேன், உன் கலியாணத்துக்குப் பலகாரக் கணக்குப் போடுகிறேன். நீ என்னைப் பார்த்து "அம்மா எதுக்கும் அசையமாட்டா" என்று நீ கட்டப்போகிற தர்சிகாவிடம் பெருமையாகச் சொன்னாயே, அது தைரியம் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதை மட்டும் உணர முடிகிறது.

கட்டாயம் என்றால் ஒருவர் தடியோடு நிற்பது என்று நீ நினைக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். பசித்த பிள்ளையோடு நிற்கிறவளிடம் சத்துமாவைக் காட்டிக்கொண்டு கேட்டால் தடி தேவையில்லை. ஆறு மாதமாகத் தினக்கூலியில் இருந்து, இந்த மாதம் நிரந்தரமாகிவிடும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறவளிடம் நீ கேட்கும்போதும் தேவையில்லை. நீ கதிரையில் இருக்கிறாய், அவள் நிற்கிறாள். அவள் தலையாட்டுவாள். அதை எழுதி வைத்துக்கொண்டு, அவள் விரும்பித்தான் போட்டாள் என்று நீயும் உன் மேலதிகாரியும் பிறகு சொல்லலாம். உன் தாளில் இன்னொன்றும் பார்த்தேன். ஆறு பேரும் கடைசிப் பக்கத்துப் பிள்ளைகள். தலைப்பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் உங்களிடம் வேலை செய்கிறார்கள், இருவருக்கும் இந்த வருடம்தான் கலியாணம் நடந்தது, ஒன்றுக்கு நானே சீர்வரிசைத் தட்டுத் தூக்கினேன். அவர்களின் பெயர் ஏன் இல்லை? நீ யோசித்து விட்டிருக்கமாட்டாய். அவர்களின் தகப்பன்மார் வந்து கேள்வி கேட்பார்கள் என்று உன் கைக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கை என்னுடையது, தம்பி. என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது.

நேற்றுத் திங்கட்கிழமை மாலை, அந்தப் பிள்ளைகள் தொழிற்சாலை பஸ்சால் இறங்கி வீட்டுக்குப் போன பிறகு, நான் உன் தாளை எடுத்துக்கொண்டு கடைசிப் பக்கம் போனேன். வியாழக்கிழமை வாகனத்தில் ஏறவேண்டாம், அது பரிசோதனை இல்லை, பிள்ளை தங்காமல் போடுகிற ஊசி என்று சொல்லத்தான் போனேன். முதல் வீட்டில் சொன்னேன். "சரி அன்ரி" என்றாள். இரண்டாம் வீட்டில் "சரி அன்ரி". ஐந்து வீட்டிலும் அதுதான். படலையடியில் நின்றபடி கேட்டார்கள், தலையாட்டினார்கள், ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. ஐந்தாவது வீட்டால் வெளியே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஏறு என்று நான் சொல்லியிருந்தாலும் இதே சரிதான் கிடைத்திருக்கும். ஒரு நல்ல காரியத்தைச் செய்யப் போனபோதும் நான் பெயர் வாசித்துவிட்டு வந்திருக்கிறேன்.

கடைசியாகக் கலாவின் வீடு. அவளும் புருசனும் புஸ்பாவோடுதான் இருக்கிறார்கள். புஸ்பா முற்றத்தில் இருந்து செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழும்பவில்லை, கதிரை எடுத்துப் போடச் சொல்லவும் இல்லை. நான் அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். எனக்கு அவ்வளவு கெதியாக இருக்க எழும்ப முடியாது என்று உனக்குத் தெரியும், முழங்கால் விடாது. இருந்து, அந்த நாளில் நான் அவளைப் போடச் சொன்னது பிழை, பிறகு கேட்டு வந்தபோது வராமல் விட்டது அதைவிடப் பிழை என்று சொன்னேன். அவள் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"இப்ப என்னத்துக்கு அக்கா?" என்றாள். "அண்டைக்கு நான் டாக்குத்தரைப் பாக்கேல்லை. உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். 'திரும்பு, வீட்ட போ' எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் போயிருப்பன்" என்றாள்.

அதற்குள் கலா குசினியால் வந்துவிட்டாள். அவளிடம் வியாழக்கிழமைக் கதையைச் சொன்னேன். மற்ற ஐந்து பேரைப்போல அவள் சரி என்று சொல்லவில்லை. "ஏறாட்டி வேலை நிரந்தரமாகுமோ அன்ரி?" என்று கேட்டாள். ஆகாது போலத்தான் இருக்கு என்றேன். "அப்ப நீங்கள் வேற வேலை எடுத்துத் தருவியளோ?" என்றாள். என்னால் ஏலாது பிள்ளை என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது. சத்தம் போட்டுக் கதைக்கிற பிள்ளை இல்லை அவள், ஆனால் நேற்றுப் போட்டாள். "எனக்கு இப்ப பிள்ளை வேணுமோ வேண்டாமோ எண்டு நானும் அவரும் இன்னும் கதைக்கேல்லை. கதைச்சு, வேண்டாமெண்டால் நானே கிளினிக்குக்குப் போய்ப் போடுவன். ஆனா உங்கட மகன் வாகனத்தில ஏத்திக்கொண்டு போய்ப் போடுறதும் வேண்டாம், நீங்கள் வீட்ட வந்து போடாதே எண்டுறதும் வேண்டாம். என்னட்டைக் கேளுங்கோ. கேட்டுப்போட்டு, நான் சொல்லுமட்டும் சும்மா இருங்கோ."

தம்பி, எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என்னிடம் இப்படி ஒருத்தரும் சொன்னதில்லை. இன்று மாலை அந்த ஐந்து வீட்டுக்கும் திரும்பப் போவேன். இந்த முறை படலையடியில் நிற்கமாட்டேன். உள்ளே போய் இருந்து, என்ன ஊசி, எவ்வளவு நாளைக்கு, போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, உனக்கு என்ன விருப்பம் என்று கேட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பேன். என்னால் முடியுமா தெரியவில்லை. பழக்கமில்லாத வேலை.

உன்னிடம் நான் கேட்பது இதுதான். வியாழக்கிழமை வாகனம் வராமல் பார். பட்டியல் தரமாட்டேன் என்று உன் மேலதிகாரியிடம் நீயே போய்ச் சொல்லு, போனில் இல்லை, நேரில். வேலை போகலாம். போனால் கலியாணத்தைச் சின்னதாகச் செய்வோம், வயலில் எனக்குக் கைதர ஆள் தேவைதான். நீ சொல்லாமல் விட்டால், அந்த ஆறு பேரில் யார் போய் எங்கே முறைப்பாடு கொடுத்தாலும் நான் கூடப்போய்ச் சாட்சி சொல்வேன். என் மகன் என்று பார்க்கமாட்டேன். இதைப் பயமுறுத்தலாக எடுக்காதே. முன்கூட்டிச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இன்று காலை தர்சிகா வந்திருந்தாள், கலியாணக் கார்டின் மாதிரி காட்ட. மேசையில் கிடந்த தாளைப் பார்த்து இது என்ன மாமி என்று கேட்டாள். எடுத்து ஒளிக்க நேரம் இருந்தது. ஒளிக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கார்டைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள்: "மாமி, நாளைக்கு என்ர விசயத்திலயும் இவர் என்னைக் கேளாமல்தான் செய்வாரோ?"

இல்லைப் பிள்ளை, என் மகன் அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. அவள் கார்டை விட்டுவிட்டுப் போகவில்லை, கொண்டு போய்விட்டாள். அவளுக்கு நீயே பதில் சொல்லு.

அம்மா